சங்கத்துப் பால் கணக்கும் மாணவர் எழுதும் நிரலும்

மென்பொருள் பொறியியல் படிக்கும் மாணவர்களின் இறுதியாண்டுச் செயற்றிட்டங்களைப் பார்வையிட்டுக் கருத்துச் சொல்ல என்னை அவ்வப்போது அழைக்கிறார்கள். கிளிநொச்சியில் இருந்தபடியே வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு நிரல் எழுதிப் பிழைப்பவன் என்பதால், பாடத்திட்டத்துக்கு வெளியே நின்று எதையாவது சொல்வான் என்று எதிர்பார்க்கிறார்கள் போலும். அங்கே நூலக முகாமைத்துவம், வைத்தியசாலை முகாமைத்துவம், மாணவர் வரவுப் பதிவு ஆகிய மூன்று தலைப்புகளும் ஆண்டு தவறாமல் வருகின்றன. திரைகள் அழகாக இருக்கின்றன, வரைபடங்கள் ஒழுங்காக இருக்கின்றன, அறிக்கை தடிப்பாக இருக்கிறது. அந்த நூலகம் எந்த ஊரில் இருக்கிறது, அதில் புத்தகம் இரவல் கொடுப்பவர் யார் என்று கேட்டால்தான் குழு முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறது. தேவையைச் சொன்னவரும் விரிவுரையாளர், அது நிறைவேறிவிட்டதா என்று பார்ப்பவரும் அதே விரிவுரையாளர். புள்ளி வழங்கிய மாலையோடு அந்த மென்பொருளின் ஆயுளும் முடிந்துவிடுகிறது.

தொழிற்றுறைச் செயற்றிட்டம் என்று எதைச் சொல்லலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். மதிப்பீடு முடிந்த பிறகும் அந்த மென்பொருளைப் பயன்படுத்துவதற்காக யாராவது காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர் கொழும்பில் இருக்கும் பெரிய கொம்பனியின் முகாமையாளராகவும் இருக்கலாம், விசுவமடுவில் பால் சேகரிக்கும் சங்கத்தின் எழுதுவினைஞராகவும் இருக்கலாம். அவர் இருந்தால், மாணவர் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பதில் சொல்ல வேண்டிய ஒருவர் நிற்கிறார். அவர் இல்லாவிட்டால், எந்தக் கொம்பனியின் பெயரை அறிக்கையின் அட்டையில் போட்டாலும் அது வகுப்புப் பயிற்சிதான்.

இது நான் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. மென்பொருளை ஒரு பொறியியலாகக் கருத வேண்டும் என்ற பேச்சு 1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில் உரத்து எழுந்தது. படிப்பையும் வேலையையும் தவணைக்குத் தவணை மாற்றிச் செய்யும் முறையைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் அதற்கும் முன்பே, 1957இல், தான் தொடங்கிய நாளிலிருந்தே கைக்கொண்டது. கணினித் துறையினரின் சர்வதேச அமைப்புகளான ஏ.சி.எம். அமைப்பும் ஐ.இ.இ.இ. கணினிச் சங்கமும் சேர்ந்து 2004இல் வெளியிட்டு 2014இல் திருத்திய இளநிலைப் பாடத்திட்ட வழிகாட்டியும், இறுதிச் செயற்றிட்டம் ஒரு கல்வியாண்டு முழுவதும் நீள வேண்டும், முடிந்தவரை மேற்பார்வையாளர் அல்லாத ஒருவரே வாடிக்கையாளராக இருக்க வேண்டும் என்கிறது. நம்முடைய நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையையும் சேர்த்து வாரிச் சென்ற பின்னர், காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு ஆகியவற்றுக்காக இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களில் ‘சகானா’ என்ற திறந்த மூல மென்பொருளை, அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளை, எழுதினார்கள். அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோது அது அங்கும் பயன்பட்டது. தேவை வாசலில் வந்து நின்றபோது எழுதப்பட்ட நிரல் அது.

வன்னியில் இந்த விடயம் வேறு எங்கும் இல்லாத அளவுக்குக் கூர்மையாகிறது. கற்கும் இடங்களுக்கு இங்கே இப்போது குறைவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியின் அறிவியல் நகரில் இருக்கிறது. அதே அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஆனால் நிரல் எழுதக் கற்றவர் பயிற்சிக்குப் போக வேண்டிய கொம்பனிகள் பெரும்பாலும் கொழும்பில் இருக்கின்றன. ஆறு மாதப் பயிற்சிக்குக் கொடுக்கும் மாதப்படி அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாத இடங்கள் உண்டு. வீட்டில் இருந்து காசு வர வழியில்லாத பிள்ளைக்கு அந்த ஆறு மாதமும் கடன். பெண் பிள்ளை என்றால், தங்குமிடம் யாருடையது, வேலை முடிந்து எத்தனை மணிக்கு வருவாள் என்ற கேள்விகளில் வீடு பல வாரங்களைச் செலவிடும், சில வேளைகளில் பயிற்சி இடமே கைநழுவிப் போகும். எல்லாம் கடந்து போய்ச் சேர்ந்த பிறகும், முதல் மாதம் கணினிக்கான அனுமதிக்குக் காத்திருந்து, மிச்ச மாதங்களில் பிறர் எழுதியதைச் சோதித்துப் பட்டியல் போட்டுவிட்டுத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். சோதிப்பதும் நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால், தான் எழுதியதை ஒருவர் பயன்படுத்தி முகம் சுளிப்பதைப் பார்க்கும் வாய்ப்பு அந்த மாணவருக்குக் கிடைக்கவேயில்லை.

தொலைவிலிருந்து செய்யக்கூடிய வழிகளும் இருக்கின்றன. திறந்த மூல மென்பொருள்களுக்கு ஒரு வழிகாட்டியின் கீழ் இணையம் வழியே நிரல் எழுதுவதற்காகக் கூகுள் நிறுவனம் 2005இல் தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பல ஆண்டுகள் முன்னணியில் நின்றார்கள். 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் அதில் சேரலாம். வழிகாட்டி கடலுக்கு அப்பால் இருந்தாலும் கொழும்பு அறை வாடகை மிச்சம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை நான் எப்போதும் சொல்வதுண்டு. ஆனால் ஒரு வகுப்பு முழுவதையும் அந்த வழியில் அனுப்ப முடியாது.

ஆகவே இங்கேயே பார்க்க வேண்டும். இங்கே தொழிற்றுறையே இல்லை என்று சொல்பவர்கள், தொழிற்றுறை என்றவுடன் கண்ணாடிக் கட்டடத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் விளையும் நெல்லைக் கொள்வனவு செய்து குத்தி விற்கும் அரிசி ஆலைகள், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், கால்நடை வளர்ப்போர் சங்கங்கள், முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழிலாளர் சங்கங்கள், பனை தென்னை வளச் சங்கங்கள், பாமசிகள், உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைகள் என்று எண்ணிப் பார்த்தால், கொப்பியிலும் எக்செல்லிலும் கணக்கு வைத்துக்கொண்டு திணறும் இடங்கள் நிறையவே இருக்கின்றன. அவற்றின் கணக்கு எளிதானது என்று நினைப்பவர் ஒரு நாள் பால் சேகரிப்பு நிலையத்தில் போய் நின்று பார்க்க வேண்டும்.

நான் வழிகாட்டியாக இருந்த ஒரு குழு அப்படித்தான் போய் நின்றது. முதல் முறை காலை பத்து மணிக்குப் போனார்கள். வாளிகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன, நிலையம் பூட்டும் நேரம். பால் வருவது விடியற்காலையில் என்பதே அவர்கள் கற்ற முதலாவது தேவை. அடுத்த முறை இருட்டோடு போய்ப் பார்த்தபோது, சேகரிப்பாளர் ஒரு கையால் பாலை அளந்து, மறு கையால் பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானியை இறக்கிப் பார்த்து, கொப்பியிலும் பண்ணையாளரின் அட்டையிலும் எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடச் சீருடையில் நின்ற பிள்ளைகள். அங்கத்தவர் எண் அம்மம்மாவின் பெயரில் இருக்கும், மாடு மாமாவுடையதாக இருக்கும், பாலைக் கொண்டுவருவது பேரன். “ஒரு அங்கத்தவருக்கு ஒரு எண், ஒரு எண்ணுக்கு ஒரு வீடு” என்று மாணவர்கள் வரைந்து வைத்திருந்த தரவுத்தள வரைபடம் அந்த வரிசையைப் பார்த்த அன்றே செல்லாததாகிவிட்டது.

கைத்தொலைபேசிச் செயலி ஒன்றைச் சேகரிப்பாளரின் கையில் கொடுப்பதுதான் அவர்களுடைய திட்டத்தின் மையம். ஈரக் கையும் பால் பட்ட விரலும் தொடுதிரையை இயக்காது என்பதை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கொப்பி கொப்பியாகவே இருக்கட்டும், நிலையம் ஓய்ந்த பிறகு எழுதுவினைஞர் அதைப் பார்த்து ஒரே திரையில் விரைவாகப் பதியட்டும் என்று முடிவெடுத்தார்கள். செயலியைக் கைவிட்ட அந்த முடிவுதான் அந்தச் செயற்றிட்டத்தில் அவர்கள் செய்த சிறந்த பொறியியல் வேலை என்பது என் எண்ணம். மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு ஒரு பெட்டிகூட இல்லை.

பணம் கணக்கிடும் இடத்தில் விடயம் இன்னும் ஆழமாகியது. பாலின் விலை லீற்றரை மட்டும் கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை. கொழுப்பு வீதத்தையும் கொழுப்பற்ற திண்மத்தின் வீதத்தையும் பார்த்தே லீற்றருக்கான விலை வருகிறது. மாணவர்களின் முதல் பதிப்பில் விலைகள் ஓர் அட்டவணையில் இருந்தன. பால் வாங்கும் நிறுவனம் விலையை மாற்றியதும் எழுதுவினைஞர் அந்த அட்டவணையைத் திருத்தினார். திருத்தியவுடன், போன மாதம் பணம் கொடுத்து முடித்த பற்றுச்சீட்டுகளை மீண்டும் அச்சிட்டால் அவையும் புதிய விலையில் வந்தன. விலையை அழித்து எழுதக் கூடாது, எந்தத் திகதியிலிருந்து எந்த விலை நடைமுறைக்கு வருகிறது என்று புதிய வரியாகச் சேர்க்க வேண்டும், பழைய கொடுப்பனவு அன்றைய விலையைத் தன்னோடு வைத்திருக்க வேண்டும் என்பது வகுப்பில் ஒரு வரியில் சொல்லப்படும் பாடம். அதை வகுப்பில் கேட்டவர்கள்தான் அவர்களும். பற்றுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கத்தின் செயலாளர் கேட்ட கேள்விக்குப் பிறகு அவர்களில் ஒருவரும் அதை மறக்கமாட்டார்கள்.

அதற்கு அடுத்து வந்தது சில ரூபாய்களின் பிரச்சினை. எழுதுவினைஞர் ஒவ்வொரு நாளும் அளவை விலையால் பெருக்கி, சதங்களை முழு ரூபாயாக்கிப் பேரேட்டில் எழுதி வந்தவர். நிரலோ பதினைந்து நாள் தொகையையும் சதத்தோடு கூட்டி, கடைசியில் ஒரே முறை முழு ரூபாயாக்கியது. ஒவ்வொரு பண்ணையாளருக்கும் இரண்டு மூன்று ரூபாய் கூடியோ குறைந்தோ வந்தது. போதாக்குறைக்கு, தொகைகளைத் தசமப் பின்னங்களாகவே சேமித்திருந்தார்கள். பத்திலொன்று என்ற எண்ணைக் கணினி இரும முறையில் மிச்சமின்றி எழுத முடியாது என்பதால், கூட்டக் கூட்ட எங்கோ ஒரு சதம் நழுவிக்கொண்டிருந்தது. “சேர், இரண்டு ரூபாய்தானே” என்றான் ஒருவன். செயலாளர் அதை அப்படிப் பார்க்கவில்லை. சங்கத்தின் கணக்கைக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம் கணக்காய்வு செய்யும், பேரேடும் கணினித் தாளும் ஒத்துவராவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கணக்கைச் சதங்களின் முழு எண்ணாக வைத்து, எழுதுவினைஞரின் வழக்கப்படியே ஒவ்வொரு நாளின் தொகையையும் முழு ரூபாயாக்குவது என்று மாற்றினார்கள். மனிதர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் முறையை நிரலின் வசதிக்காக மாற்றச் சொல்லாமல், அந்த முறையை நிரலில் எழுதுவது சரியான முடிவு. பண்ணையாளர்கள் விரலில் கணக்குப் பார்த்துச் சரிபிழை சொல்வதும் அந்த முறைப்படிதான்.

பெயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்களே என்பதால், அகர வரிசையில் அடுக்கினாலும் தேடினாலும் தாறுமாறான விளைவுகள் வரும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகு, ஒரே ஆள் கந்தசாமியாகவும் கந்தசுவாமியாகவும் இரண்டு இடத்தில் இருப்பது தெரிந்தது. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி போட்டு வைத்திருந்த பதிவுத் திரை, தகப்பனின் பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கும் எங்கள் சனத்துக்குப் பொருந்தவில்லை.

பெயரை நம்ப முடியாததால் தேசிய அடையாள அட்டை எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வரும் அட்டையில் பன்னிரண்டு இலக்கம். எண்ணிலேயே பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எண்ணைத் தட்டினால் பிறந்த திகதி தானாக வரும்படி நிரல் எழுதி, தங்கள் அட்டைகளை இட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக வந்தது. சங்கத்தில் எழுதுவினைஞர் தன் எண்ணை இட்டுப் பார்த்தபோது, அவருடைய பிறந்த நாள் ஒரு நாள் தள்ளி வந்தது. “பிள்ளையள், நான் பிறந்த நாளை எனக்குத் தெரியும்” என்று சிரித்தார். காரணம் இதுதான்: அடையாள அட்டையின் நாள் எண் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே எண்ணப்படுகிறது. மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61ஆவது நாள். திகதியைக் கணக்கிடக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நிரல் துண்டு நெட்டாண்டு அல்லாத ஆண்டில் அதை 60 என்று எண்ணும். மாணவர்கள் பிறந்த 2000ஆம் ஆண்டு நெட்டாண்டு, அதனால் அவர்களுடைய சோதனையில் பிழை தலைகாட்டவே இல்லை. சோதனைத் தரவைத் தங்களைப் போன்றவர்களிடம் இருந்து மட்டும் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

இவ்வளவும் ஒரு குழு ஓர் ஆண்டில் கற்றவை. நான் அதிகம் வற்புறுத்துவது அடுத்த ஆண்டைப் பற்றி. வழமையான ஏற்பாட்டின்படி அடுத்த வகுப்புப் புதுத் தலைப்பு எடுக்கும், சங்கத்தில் நிறுவிய மென்பொருளைக் கவனிப்பதற்கு ஆளில்லாமல் போகும். எழுதிய பிள்ளைகள் வேலை தேடிப் போயிருப்பார்கள், சங்கம் சில மாதங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொப்பிக்குத் திரும்பிவிடும், அதன் பிறகு பல்கலைக்கழகம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களுக்கு அங்கே தேத்தண்ணி மட்டும்தான் கிடைக்கும். ஆகவே புதிய குழு பழைய நிரலைப் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டோம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. “சேர், இதைத் திருத்திறதைவிட நாங்கள் புதுசா எழுதுறது லேசு” என்றார்கள். எங்கள் தொழிலில் எல்லாரும் எல்லா வயதிலும் சொல்லும் வாக்கியம்தான் இது. என் கொம்பனியில் போன கிழமையும் ஒருவர் சொன்னார்.

மற்றவர் எழுதிய நிரலை வாசிப்பதற்கு எங்கள் பாடத்திட்டங்களில் இடம் மிகக் குறைவு. வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து பிள்ளைகள் செய்யப்போவதோ பெரும்பாலும் அதைத்தான். பொறுப்பேற்ற குழு முதல் மாதம் முழுவதும் முணுமுணுத்தது. நிரலில் மதிப்புகளைத் தாங்கும் மாறிகளுக்கு வைத்திருந்த பெயர் விளங்கவில்லை, எந்தக் கோப்பு எதற்கு என்று எழுதிவைக்கவில்லை, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் மாற்றங்களுக்கான குறிப்புகள் எல்லாம் ‘இறுதி’, ‘இறுதி இரண்டு’ என்றே இருந்தன. அந்த முணுமுணுப்பைக் கேட்கப் பழைய குழுவில் இருவரை ஒரு மாலை வட்ஸ்அப் அழைப்பில் இணைத்தோம். திட்டு வாங்கியவர்களுக்கும் திட்டியவர்களுக்கும் நல்லது நடந்தது என்றே சொல்ல வேண்டும். முழு ரூபாயாக்கும் பகுதியைப் பார்த்து “இது ஏன் இப்படிச் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறது” என்று அழித்துவிடப் போன ஒரு மாணவி, காரணத்தைக் கேட்டுவிட்டு, அழிக்காமல் மேலே நான்கு வரி விளக்கம் எழுதிச் சேர்த்தாள். அந்தப் பகுதி சரியாக வேலை செய்கிறதா என்று கணினியே பார்த்துச் சொல்லும் ஒரு தன்னியக்கச் சோதனையையும் எழுதினாள். ஏன் சோதனை எழுத வேண்டும் என்று விரிவுரையில் கேட்டு நம்பாத பிள்ளை அவள்.

இதற்கெல்லாம் முன்னேற்பாடு வேண்டும். கல்வியாண்டின் கால அட்டவணையை வயலின் கால அட்டவணையோடு வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்போகமான காலபோகத்தின் அறுவடை மும்முரமாக நடக்கும் மாசி, பங்குனியில் அரிசி ஆலை முதலாளியிடம் தேவை கேட்கப் போனால் அவர் முகம் கொடுத்துப் பேச மாட்டார், நியாயமும் அதுதான். ஆலைச் செயற்றிட்டம் என்றால் அறுவடைக்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்து, அறுவடை நாட்களில் ஓரமாக நின்று பார்க்க மட்டும் அனுமதி வாங்க வேண்டும். மின்சாரம் போனாலும் இணைப்புப் போனாலும் பதிந்தது அழியக் கூடாது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்களைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதே ஆண்டு ஆடியில் வந்த எரிபொருள் கியூ.ஆர். முறையைச் சனம் எவ்வளவு விரைவாகப் பழகிக்கொண்டது என்பதையும் மாணவருக்கு நினைவூட்டுவதுண்டு. வயதான கமக்காரருக்கு இதெல்லாம் விளங்காது என்று திரை வடிவமைப்பவர்கள் சொல்லும்போது, மடித்து வைத்த தாளில் அச்சிட்ட குறியீட்டோடு அவர் எரிபொருள் நிலையத்தில் நின்றதைச் சொல்வேன்.

தரவு பற்றியும் முதல் நாளே பேசிவிட வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும், ஒரு கிராமத்தின் கடன் பட்டியலையும் அடையாள அட்டை எண்களையும் இருபது வயதுப் பிள்ளைகளின் மடிக்கணினிகளில் பிரதி எடுத்துக் கொடுப்பது முறையல்ல. பெயரையும் எண்ணையும் மாற்றிய பிரதியில் நிரல் எழுதட்டும். உண்மையான தரவு சங்கத்தின் கணினியை விட்டு வெளியே வர வேண்டாம். நிரல் யாருடையது, சங்கம் அதை வேறு ஒருவரிடம் கொடுத்துத் திருத்தலாமா, மாணவர் அதை நிரல்களைப் பகிரும் இணையத்தளமான கிட்ஹப்பில் தன் பக்கத்தில் காட்டலாமா என்பவற்றை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கையொப்பம் வாங்கினால் போதும். கொப்பிக் கணக்கையும் கணினிக் கணக்கையும் குறைந்தது இரண்டு கொடுப்பனவுக் காலத்துக்கு ஒன்றாக நடத்த வேண்டும் என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். பிள்ளைகளின் புள்ளிக்காகச் சங்கத்தின் கணக்கு ஒரு நாளும் தடுமாறக் கூடாது.

இப்படிப்பட்ட செயற்றிட்டம் மாணவரிடம் வாங்கும் இலவச உழைப்பு என்ற குற்றச்சாட்டும் உண்டு, அதை நான் இலேசாகத் தட்டிக் கழிப்பதில்லை. பணம் கொடுத்து வாங்கக்கூடிய ஒரு கொம்பனி, தன் வேலையை மாணவர் தலையில் கட்டி, கிழமைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி விளக்கம் சொல்ல ஆள் தராமல், முடிவில் ஒரு சான்றிதழை நீட்டினால் அது சுரண்டல்தான். அப்படிக் கேட்டுவந்த ஓர் இடத்தை நாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிளிநொச்சி நகரிலும் வவுனியாவிலும் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளை விற்றுப் பராமரித்துப் பிழைக்கும் சிறிய கணினி நிலையங்கள் உண்டு. அதே கடைக்கு மாணவர்கள் இலவசமாக எழுதிக் கொடுத்தால், இந்த மண்ணிலேயே வேலை கொடுக்கக்கூடிய ஒருவரின் வயிற்றில் அடிக்கிறோம். கடைகளுக்கான பில் மென்பொருளை மாணவர் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த நிலையங்களை நடத்துபவர்களையே வழிகாட்டிகளாக அழைத்தால், அவர்களுக்கு நாளைக்கு வேலைக்கு எடுக்க ஆள் தெரியும், மாணவருக்கு இரவு ஒன்பது மணிக்கு வாடிக்கையாளரின் அழைப்பு வந்தால் எப்படிப் பேசுவது என்பது தெரியும்.

புள்ளி வழங்கும் முறையில்தான் எனக்கும் விரிவுரையாளர்களுக்கும் இடையே வாக்குவாதம் அதிகம். வாடிக்கையாளரின் கடிதத்துக்குப் புள்ளி கொடுக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் எந்தச் செயலாளரும் பிள்ளைகளைப் பற்றிக் குறைவாக எழுதிக் கொடுக்க மாட்டார், ‘மிக நன்று, வாழ்த்துகள்’ என்றே எழுதுவார். அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டலாம், புள்ளிக்கு எடுக்கக் கூடாது. கிட் பதிவில் யார் எத்தனை முறை மாற்றம் செய்தார் என்று எண்ணிப் புள்ளி போடுவதும் சரிவராது. பிள்ளைகள் இரண்டு நாளில் அதன் சூட்சுமத்தைப் பிடித்து, ஒரு வரியை ஐந்து முறையாகப் பதிவார்கள். நான் கேட்பது, செயற்றிட்டத்தின் நடுவில் வாடிக்கையாளரிடமிருந்து வந்த ஒரு மாற்றத்தை எடுத்து, அது எங்கே எதைத் தொட்டது, எதைத் தொடாமல் விட்டார்கள், ஏன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே இருத்திக் கேட்பது. வேலை செய்தவர் அதைச் சொல்லிவிடுவார். குழுவோடு பெயருக்கு நின்றவர் அறிக்கையில் இருக்கும் வரைவிலக்கணத்தை ஒப்புவிப்பார். இன்னொரு பகுதிப் புள்ளியை, கையளித்து ஒரு தவணை கழிந்த பிறகு, பொறுப்பேற்ற அடுத்த குழு அவர்களின் குறிப்பை வைத்து மென்பொருளைத் தங்கள் கணினியில் இயக்க முடிந்ததா என்று பார்த்து வழங்க வேண்டும் என்று கேட்டேன். பெறுபேறு அதுவரை காத்திருக்க முடியாது என்றார்கள். அது நிர்வாகக் கட்டுப்பாடு, எனக்கும் விளங்குகிறது. இப்போதைக்குக் கையளிப்பை இறுதித் தவணையின் நடுவிலேயே வைத்து, இளைய வகுப்பை அப்போதே கூட்டிவந்து இருத்துவது என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மேற்பார்வை செய்யும் விரிவுரையாளரின் நேரத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. விடியற்காலைப் பால் வரிசைக்கு மாணவரோடு போவதும், செயலாளரின் தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் அவருடைய பதவி உயர்வுப் படிவத்தில் எந்தப் பெட்டியிலும் வராது. ஆய்வுக் கட்டுரை எழுதினால் வரும். நல்ல மனம் உள்ளவர்களின் நல்ல மனத்தை மட்டும் நம்பி இந்த ஏற்பாட்டை நடத்தினால், அவர் மாற்றலாகிப் போகும் ஆண்டோடு அது நின்றுவிடும். மேற்பார்வைக்குரிய மணித்தியாலங்களைக் கற்பித்தல் மணித்தியாலமாகவே கணக்கெடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

ஒட்டுசுட்டான், மல்லாவி, புதுக்குடியிருப்பு, மடு பக்கத்துச் சங்கங்களில் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக்களுக்கான இடங்களைக் காலபோக விதைப்பு முடிந்து சற்று ஓய்வு கிடைக்கும் நாட்களில் தெரிவு செய்யவிருக்கிறோம். கணினி உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கிழமைக்கு ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு இருந்து பேசக்கூடிய, பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். இப்போது வைத்திருக்கும் கொப்பியை எக்காரணம் கொண்டும் நிறுத்திவிட வேண்டாம், முதல் சந்திப்புக்கு அதைக் கையில் கொண்டு வாருங்கள்.